யாருடைய 98? வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கான பதிவுச் செயலி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2020ஆம் ஆண்டின் பிற்பாதி. உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று மார்ச் 11 அன்று அறிவித்துச் சில மாதங்கள் ஓடியிருந்தன. ஒரு மருத்துவமனை, லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டிலேயே தனிமையில் வைத்துத் தொலைபேசி வழியாகக் கண்காணித்து வந்தது. தொற்று உறுதியானவரின் வீட்டுக்கு ஒரு காகித அட்டையும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் (விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைச் சதவீதத்திலும், கூடவே நாடித்துடிப்பையும் காட்டும் கருவி) போகும். காலை, மதியம், இரவு என மூன்று வேளை காய்ச்சல், ஆக்ஸிஜன் அளவு, நாடித்துடிப்பு ஆகியவற்றை எடுத்து அட்டையில் எழுத வேண்டும். கண்காணிப்பு மேசையில் இருக்கும் செவிலியர்கள் ஒவ்வொரு வீடாக அழைத்து, எண்களைக் கேட்டு, கணினியில் ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றுவார்கள்.

நோயாளிகள் குறைவாக இருந்தவரை இது ஓடியது. எண்ணிக்கை ஏறியதும், காலை எண்களைக் கேட்டு முடிப்பதற்குள் மதியம் வந்துவிடும். போன் எடுக்காதவர்களின் கட்டம் காலியாகவே இருக்கும். அந்தக் காலி எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. எக்ஸெல் தாளின் மேலும் நம்பிக்கை குறைந்துகொண்டிருந்தது. அந்த அக்டோபர் தொடக்கத்தில்தான் இங்கிலாந்தில் 15,841 தொற்று முடிவுகள் கணக்கில் சேராமல் விடுபட்ட செய்தி வந்தது. பழைய எக்ஸெல் கோப்பு வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். அதற்கு மேல் வந்தவை உள்ளே ஏறவில்லை. "நம்ம தாளும் ஒருநாள் இப்படித்தான் பண்ணும்" என்றார் பிரிவின் மருத்துவர். ஒரு செயலி செய்வது என்று முடிவானது.

குழு சிறியது. மருத்துவர் ஒருவர், கண்காணிப்பு மேசையை நடத்திய மூத்த செவிலியர், நிரல் எழுத இருவர், திரைகளை வடிவமைக்க நான். இதில் வரும் குடும்பங்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் வடிவம்

காகித அட்டையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தோம். எல்லாக் கட்டங்களும் ஒரே திரையில்: மேலே பெயர், அதன் கீழ் காய்ச்சல், ஆக்ஸிஜன், நாடி, பிறகு அறிகுறிகளுக்கான டிக் பெட்டிகள், கடைசியில் "சேமி". செயலியைத் திறந்தால் கடைசியாக யாருடைய பதிவைப் பார்த்தோமோ அவருடைய பக்கமே வரும். ஒரு வேளைப் பதிவு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்தவர்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

அப்படிப் பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல உடல்நலத்தோடு, நல்ல வெளிச்சத்தில், தன் சொந்த எண்களைத் தன் சொந்தப் போனில் பதிந்தவர்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களில் இந்த நான்கும் ஒருசேர அமைந்தவர்கள் குறைவு. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வந்தது. பெரியவர்கள் பலருக்குத் தனிப் போன் இல்லை. இருந்தாலும் பார்ப்பவர் பிள்ளைகளில் ஒருவர்தான்.

சில குடும்பங்களுக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்த்தோம். எண்கள் வரத் தொடங்கின. மேசையில் வேலை குறைந்தது. அப்புறம் வந்தவைதான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

கவனித்தது: அம்மாவுக்கு வந்த 91

ஒரு வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் தொற்று. மகள் பார்த்துக்கொண்டார். போன் அவருடையது. ஒரு மாலை, அம்மாவின் பக்கத்தில் ஆக்ஸிஜன் 91 என்று பதிவானது. மேசையில் எச்சரிக்கை எழுந்தது. செவிலியர் உடனே அழைத்தார்.

"அம்மாவுக்கு 91 காட்டுதே, மூச்சு எப்படி இருக்கும்மா?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க சிஸ்டர். பேசிக்கிட்டு இருக்காங்க."

திரும்ப எடுக்கச் சொன்னார்கள். 97 வந்தது. விரல் குளிர்ந்திருந்தாலோ கை அசைந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்ஸிமீட்டர் தவறாகக் காட்டும் என்பது தெரிந்ததுதான். முதல் எண்ணைப் பிழை என்று குறித்துவிட்டு, செவிலியர் அடுத்த வீட்டை அழைத்தார். அந்த நேரத்தில் அது நியாயமான முடிவு.

91 அப்பாவுடையது. இரவு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் மகளே மேசையை அழைத்தார். அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஆக்ஸிஜன் வைத்து, தேறி வீடு திரும்பினார். ஆனால் மாலைக்கும் இரவுக்கும் இடையே பல மணி நேரம், உடல் இறங்கிக்கொண்டிருந்தவரை யாரும் தேடவில்லை. வேறொருவரின் பெயரில் அந்த எச்சரிக்கை வந்து, விசாரிக்கப்பட்டு, மூடப்பட்டுவிட்டது.

பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்த்தபோது நடந்தது தெளிவாகத் தெரிந்தது. மகள் மதியம் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் பக்கம். மாலையில் செயலி அதையே திறந்தது. பெயர் மேலே சிறிய எழுத்தில் இருந்தது. எண் தட்டும் பலகை எழுந்ததும் திரை மேலேறி, பெயர் பார்வையிலிருந்து மறைந்தது. இருவரின் பக்கமும் பார்க்க ஒன்றே. மகளிடம் கவனக்குறைவு என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு நோயாளிகளை ஒரே ஆள் பார்க்கும் வீட்டில், யாருடைய பக்கம் என்று தினமும் ஆறு முறை நினைவு வைத்துக்கொள்ளும் வேலையைத் திரை அவர் தலையில் கட்டியிருந்தது.

கவனித்தது: தலைகீழ் எண்கள்

இதே வாரங்களில் இன்னொரு வீட்டிலிருந்து ஆக்ஸிஜன் 68, நாடி 86 என்று வந்தது. 68 என்றால் பெரும்பாலும் பேசவே திணறும் நிலை. அழைத்தால் அந்தப் பெரியவரே போனை எடுத்து நிதானமாகப் பேசுகிறார். மூத்த செவிலியருக்குத்தான் பொறி தட்டியது. எண்ணைப் படித்த மகன் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டார். எதிரில். தொற்று பயத்தில் தள்ளி நின்று, அப்பாவின் விரலில் இருந்த கருவியை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

கருவியில் மேலே ஆக்ஸிஜன் 98, கீழே நாடி 89. அதைத் தலைகீழாகப் பார்த்தால் மேலே 68, கீழே 86. கோடுகளால் ஆன அந்த எழுத்தமைப்பில் 6ம் 9ம் ஒன்றுக்கொன்று மாறும். 0, 1, 2, 5, 8 அப்படியே நிற்கும். 3, 4, 7 மட்டும் திருப்பினால் எண்ணாகவே தெரியாது. கருவியின் மேல் எது எது என்று அச்சிட்டிருப்பார்கள்தான். ஆனால் அது பொடி எழுத்து, தள்ளி நிற்பவருக்குத் தெரியாது.

பெரியவருக்கு ஒன்றும் இல்லை என்றதும் மற்றவர்களுக்கு நிம்மதி. மூத்த செவிலியர் மட்டும் ஒரு காகிதத்தை எடுத்து எண்களை எழுதித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்களிடம் காட்டினார்: ஆக்ஸிஜன் 86, நாடி 96. ஆபத்தான நிலை. காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஆக்ஸிஜன் 96, நாடி 98. இப்படி ஒரு பதிவு வந்தால் மேசையில் யாரும் அழைக்கவே மாட்டார்கள். பொய் எச்சரிக்கை வந்தால் கண்டுபிடித்துவிடலாம். பொய் நிம்மதி வந்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதைப் பார்த்த பிறகு இன்னொன்றும் புரிந்தது. நாங்கள் கேட்ட மூன்று எண்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பவை. ஆக்ஸிஜன் 98 இருக்கலாம். நாடி 98 இருக்கலாம். ஃபாரன்ஹீட்டில் காய்ச்சலும் 98 இருக்கலாம். ஒரே திரையில் மூன்று கட்டங்களைப் பக்கம்பக்கமாக வைத்து, மூன்றுக்கும் அதே எண் பலகையைத் திறந்துவிட்டால், எண்கள் இடம் மாறி விழுவதைத் தடுக்க எதுவும் இல்லை. பழைய பதிவுகளைத் தோண்டியபோது அப்படி மாறியவை கிடைத்தன. காய்ச்சல் கட்டத்தில் 78 என்று இருந்ததெல்லாம் நாடி என்று சுலபமாகத் தெரிந்தது. ஆக்ஸிஜன் கட்டத்தில் 88 என்று இருந்தது எது என்று சொல்லவே முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, செயலி யாருடைய பக்கத்தையும் தானாகத் திறக்காது. திறந்ததும் "யாருக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும். வீட்டார் தாங்களே வைத்த பெயர்களும் படங்களும் பெரிதாக வரும். பெரும்பாலோர் அப்பா, அம்மா, பாட்டி என்றே வைத்தார்கள். அதுதான் அவர்கள் கண்ணுக்கு உடனே பட்டது. மேசையில் இருப்பவர்களுக்கு அது போதாது என்பதால், அவர்கள் திரையில் அட்டையில் உள்ள முழுப்பெயரும் வயதும் வந்தன. "சேமி" பொத்தானை எடுத்துவிட்டு "அப்பாவுக்கு 91 என்று சேமி" என்று போட்டோம். கடைசியாகத் தட்டும் இடத்தில் பெயரும் எண்ணும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதே எண்ணம்.

ஆளுக்கு ஒரு கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல் என்ற யோசனையும் வந்தது. நிரலாளர் ஒருவர் அதில் உறுதியாக இருந்தார். பாதுகாப்பு நோக்கில் அது சரிதான். ஆனால் உள்ளே நுழைய வரும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) போகப்போவதும் அதே மகளின் போனுக்குத்தான். அதனால் யாருடைய எண் என்ற குழப்பம் தீராது, இரவில் காய்ச்சல் பார்ப்பவருக்கு இரண்டு படி கூடும், அவ்வளவுதான். போனுக்குப் போட்டிருக்கும் பூட்டே செயலிக்கும் போதும் என்று விட்டோம்.

தவறான பக்கத்தில் விழுந்த பதிவை அழிக்க விடவில்லை. "இது இவருடையது அல்ல" என்ற ஒரு தேர்வு, அதைத் தட்டினால் "யாருடையது?" என்ற கேள்வி. எண் இடம் மாறும், மாறிய சுவடு இரு பக்கத்திலும் நிற்கும். மேசையிலும் கேள்வி முறை மாறியது: எச்சரிக்கை எண்ணைத் திரும்ப எடுத்து நல்ல எண் வந்தால், "வீட்டில் வேறு யாருக்கு இன்று எடுத்தீர்கள்?" என்று கேட்காமல் மூடக்கூடாது. செயலியில் செய்த எதையும்விட இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இரண்டாவது, திரைக்கு ஒரு எண். காய்ச்சல் திரையில் தெர்மாமீட்டர் படம், ஆக்ஸிஜன் திரையில் விரலோடு ஆக்ஸிமீட்டர் படம். விரல் எந்தப் பக்கம் வர வேண்டும், எந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்று அதிலேயே காட்டினோம். காய்ச்சலுக்கு அலகைக் கேட்கவே இல்லை. இப்படி வீட்டில் இருப்பவரின் உடல்சூடு செல்சியஸில் 30களின் நடுவிலிருந்து 40களின் தொடக்கம் வரை. ஃபாரன்ஹீட்டில் 90களும் 100களும். இரண்டும் எங்கும் உரசாது. 38 என்று தட்டினால் செல்சியஸ், 100.4 என்று தட்டினால் ஃபாரன்ஹீட், இரண்டும் ஒரே சூடு. இடையில் உள்ள எண்ணை மட்டும் செயலி ஏற்காது.

தலைகீழ் எண்ணுக்கு வழி தேடியதில்தான் வாக்குவாதம் நீண்டது. 98 வந்தால் "கருவியை நேராகப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். ஆனால் 98 சர்வசாதாரணமான எண். ஒவ்வொரு வேளையும் கேட்டால் மூன்றாம் நாளிலிருந்து படிக்காமலே "ஆம்" தட்டுவார்கள். கடைசியில் நிரலாளர் சொன்ன வழி எளிமையாக இருந்தது. தட்டிய ஆக்ஸிஜனையும் நாடியையும் செயலியே மனதுக்குள் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கட்டும். திருப்பினால் வரும் இரண்டு எண்களும் மனிதருக்குச் சாத்தியமானவையாக இருந்தால் மட்டும் கேட்கட்டும். 98, 72 என்றால் 7 இருப்பதால் கேள்வி இல்லை. 98, 82 என்றால் திருப்பியதும் ஆக்ஸிஜன் 28 ஆகிவிடும்; கேள்வி இல்லை. 96, 98 என்றால் 86, 96 வருகிறது, கேள். இப்படிச் செய்ததும் கேள்வி எப்போதாவதுதான் எழுந்தது. எழுந்தபோது மக்கள் கருவியைத் திரும்பப் பார்த்தார்கள்.

செயலி எந்த எண்ணையும் தானாகத் திருத்தாது என்பதிலும் மருத்துவர் விடாப்பிடியாக இருந்தார். ஆக்ஸிஜன் 78, நாடி 97 என்று வந்தால் இடம் மாறியதாகவே தோன்றும். ஆனால் உண்மையிலேயே 78 உள்ளவரும் இருக்கலாம். திரும்ப எடுக்கச் சொல்லலாம், அவ்வளவே. முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் இரண்டுமே பதிவில் இருக்கும். சில நிமிடங்களுக்குள் இரண்டாவது எண் வராவிட்டால் முதல் எண்ணோடு எச்சரிக்கை மேசைக்குப் போய்விடும்.

ஆக்ஸிஜனுக்கான வரம்புகளை மருத்துவர்கள் வகுத்தார்கள். 94ம் அதற்கு மேலும் இருந்தால் வழக்கம்போல். 90 முதல் 93 வரை திரும்ப எடுத்து, மேசைக்குத் தெரிவி. 90க்குக் கீழே என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ். அறைக் காற்றில் 90க்குக் கீழ் இறங்குவதைக் கடுமையான நிலை என்றே உலக சுகாதார நிறுவனமும் வகுத்திருந்தது. 2020 டிசம்பரில் கருமையான தோல் உள்ளவர்களிடம் ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்ற ஆய்வு வெளிவந்தது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. அதன் பிறகு, 94 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடையச் சொல்லும் எந்த வாக்கியமும் செயலியில் இருக்கக் கூடாது என்று எடுத்துவிட்டோம். நல்ல எண்ணுக்குக் காட்டிவந்த பச்சை நிறமும் போனது. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காக அதை எப்படியும் மாற்றியிருக்க வேண்டும். நிறத்துக்குப் பதில் சொற்கள் வந்தன: "மேசைக்குப் போன் செய்யுங்கள்", "இப்போதே ஆம்புலன்ஸை அழையுங்கள்". பொத்தானைத் தட்டினால் அழைப்பே போகும்.

காலிக் கட்டத்துக்கும் ஒரு வழி செய்தோம். வரைபடத்தில் காலை 97, இரவு 95 என்று இரு புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், மதியம் 96 இருந்தது போலத் தெரியும். மதியம் எடுக்கவே இல்லை. கோட்டை வெட்டி, இடையில் "எடுக்கவில்லை" என்று எழுதினோம். பார்க்க அழகாக இல்லை. மேசையில் இருப்பவர்கள் முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

நேரமும் அப்படித்தான். நெட் இல்லாத வீட்டில் காலையில் எடுத்த எண் மதியம் வந்து சேரும். வந்த நேரத்தை மட்டும் காட்டினால் அது இப்போதைய நிலை என்று தோன்றிவிடும். எடுத்த நேரம் பெரிதாக, வந்த நேரம் அதன் கீழே என்று இரண்டையும் காட்டினோம்.

இருப்பிடத்தைப் பதிவு செய்ய வேண்டும், தனிமையை மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று நிர்வாகத்தில் ஒரு கோரிக்கை வந்தது. மறுத்தோம். தன்னைக் கண்காணிக்கும் செயலியில் யாரும் அறிகுறியை உண்மையாக எழுதப்போவதில்லை என்பது மூத்த செவிலியரின் வாதம். தொற்றாளரோடு பழகியவர்களைக் கண்டறியச் சேகரித்த தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்று சிங்கப்பூர் அரசு 2021 ஜனவரியில் ஒப்புக்கொண்ட பிறகு அந்தக் கோரிக்கை மறுபடி எழவில்லை.

காட்டும் பக்கம்

குடும்பங்கள் எங்களுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். செயலியின் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு, தெரிந்த டாக்டருக்கு, ஆம்புலன்ஸ் ஊழியருக்கு. அந்தப் படங்களில் பாதியில் யாருடைய எண், எப்போது எடுத்தது என்பதே இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டைத் தடை செய்யலாம் என்ற பேச்சு வந்து போனது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் அதை எடுப்பது ஒரு தேவைக்காக. தடுத்தால் இன்னொரு போனால் படம் பிடிப்பார்கள். அதனால் படம் எடுப்பதற்கென்றே ஒரு திரை செய்தோம். பெயர், வயது, அறிகுறி தொடங்கிய நாள், கடைசி மூன்று நாள் எண்கள், எடுத்த நேரம், விடுபட்ட வேளைகள், மற்ற நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை. எல்லாம் ஒரே திரைக்குள், கறுப்பு வெள்ளையில். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது இரண்டு திரையாகும். இரண்டிலும் பெயர் இருக்கும்.

இதைச் செய்த பிறகுதான் வேலையின் வரிசை எப்படி இருந்திருக்கலாம் என்பது விளங்கியது. எழுதுகிறவருக்கு அவசரம் உண்டு. பார்க்கிறவருக்கு அதைவிட அவசரம். ஒரு மருத்துவரிடம் வேறொருவரின் போன் இருக்கப்போவது சில நொடிகள். அந்தச் சில நொடித் திரையை முதலில் வரைந்தால், எந்த எண் வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. அறிகுறிப் பட்டியலில் இருந்த பாதிப் பெட்டிகள் அந்தத் திரையில் இடம்பெறவே இல்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டோம்.

ஆய்வகத்தின் பரிசோதனை முடிவையும் வீட்டில் எடுத்த எண்ணையும் ஒரே மாதிரிக் காட்டவில்லை. முன்னதன் கீழே "ஆய்வகம் தந்தது", பின்னதன் கீழே "வீட்டில் எடுத்தது". சான்றிதழ் போல ஒரு கியூஆர் கோடு போட்டுத்தாருங்கள் என்று பலர் கேட்டார்கள். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழில் கியூஆருக்கு மதிப்பு வந்தது அதில் இருந்த மின்கையொப்பத்தால். வீட்டில் தட்டிய எண்ணுக்கு யாரும் கையொப்பமிட முடியாது. போடவில்லை.

உள்ளே எண்களைச் சேமித்த விதம் பற்றி ஒரு வரி: மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான எஃப்எச்ஐஆர் (FHIR) தரத்தில், ஒவ்வொரு அளவீட்டுக்கும் பொதுவான எண் தரும் லோயிங்க் (LOINC) குறியீடுகளோடு வைத்தோம் (ஆக்ஸிமீட்டர் அளவுக்கு 59408-5, நாடிக்கு 8867-4, உடல்சூட்டுக்கு 8310-5). மருத்துவமனைப் பதிவேட்டோடு பின்னர் இணைத்தபோது இதனால் வேலை மிச்சமானது.

பிறகு நடந்தது

தவறான ஆளின் பக்கத்தில் விழும் பதிவு அடியோடு நிற்கவில்லை, ஆனால் அரிதானது. விழுந்தபோது பெரும்பாலும் வீட்டாரே கண்டு மாற்றினார்கள். எண்கள் இடம் மாறுவது கிட்டத்தட்ட நின்றது. பதிவு செய்யும் நேரம் கூடியது. தனியாக வசித்த இளைஞர்கள் எரிச்சலடைந்தார்கள். "எனக்கு எதுக்கு யாருக்குன்னு கேக்குது?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. ஒரே ஒருவர் மட்டும் பதிந்துள்ள போனில் அந்தத் திரையை எடுத்துவிட்டோம். திரைக்கு ஒரு எண் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று மேசைப் பக்கம் நடந்தது. எண்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் செவிலியர்கள் எண்ணை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். முன்பு போனில் அழைத்தபோது குரலைக் கேட்டார்கள், இருமலைக் கேட்டார்கள், மூச்சு வாங்குவதைக் கேட்டார்கள். செயலியில் அது எதுவும் இல்லை. இந்த நோயில் ஆக்ஸிஜன் இறங்கியும் மூச்சுத்திணறல் தெரியாதவர்கள் உண்டு. எண் சரியாக இருந்தும் உடல் நலிந்துகொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: "மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா?" அத்தோடு, எண் நன்றாக இருந்தாலும் வயதானவர்களை நாளுக்கு ஒருமுறை குரலில் அழைப்பது திரும்ப வந்தது. மேசையின் வேலையைக் குறைக்கத்தான் செயலி என்று தொடங்கியதற்கு இது நேர் எதிர். ஆனால் எண் கேட்பதில் போன நேரம் இப்போது பேசுவதில் போனது.

நினைவூட்டல் விஷயம் கடினமானது. வேளைக்கு எண் வராவிட்டால் "அப்பாவுக்கு இன்னும் எடுக்கவில்லை" என்று செயலி நினைவூட்டும். மருத்துவமனையில் சேர்ந்த சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களில் ஒருவருடைய வீட்டுக்கு அந்த நினைவூட்டல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. குடும்பத்தார் மேசையை அழைத்து, கோபம் இல்லாமல், அதை நிறுத்தச் சொன்னார்கள். அன்றே மாற்றினோம்: மருத்துவமனையில் சேர்ந்ததும் நினைவூட்டல் தானாக நிற்கும், வீடு திரும்பிய பின் மேசையிலிருந்து பேசிவிட்டுத்தான் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு நினைவூட்டலிலும் "நிறுத்து" இருக்கும், காரணம் கேட்காது. ஒருவரின் பக்கத்தைப் பட்டியலிலிருந்து விலக்கி, அழிக்காமல் வைத்திருக்கும் வழியும் வந்தது.

பயன்பாட்டு எளிமையை அளக்க, ஜான் ப்ரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோலைக் கொடுத்துப் பார்த்து, பாதியில் விட்டோம். நிரப்பித் தந்தவர்கள் குணமானவர்கள். மிகவும் சிரமப்பட்ட வீடுகள் நிரப்பும் மனநிலையில் இல்லை. யார் எந்தத் திரையில் நின்றார்கள், எங்கே பின்னால் போனார்கள் என்று மேசையின் குறிப்பேட்டில் எழுதி வைத்ததே அதிகம் பயன்பட்டது.

மறுபடி செய்தால் மாறுபவை

வரிசை மாறும். ஆம்புலன்ஸ் ஊழியரும் மருத்துவரும் பார்க்கும் திரை முதலில், செவிலியரின் மேசை அடுத்து, வீட்டார் தட்டும் திரை கடைசியில். சோதனையும் வேறு மாதிரி நடக்கும்: மங்கிய விளக்கில், முகக்கவசத்தோடு, ஒருவரின் விரலில் உள்ள கருவியை எட்டி நிற்கும் இன்னொருவர் படிக்க, அந்த வீட்டில் குறைந்தது இரண்டு நோயாளிகள்.

காகித அட்டையைக் கைவிட மாட்டோம். போன் இல்லாத வீடுகளுக்கும், போன் வைத்திருந்தவரே மருத்துவமனைக்குப் போய்விட்ட வீடுகளுக்கும் அது வேண்டியிருந்தது. செயலியின் திரையும் அட்டையும் ஒரே வரிசையில் அமைந்தால், அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாலும் மேசையில் சுலபமாக ஏற்றிவிடலாம்.

கருவியின் எண்ணைக் கேமராவே படித்துக்கொள்ளும் வசதியை நிரலாளர்கள் இன்னும் முன்வைக்கிறார்கள். தலைகீழ்ச் சிக்கல் தீரும் என்பது உண்மை. மங்கலான படத்தில் 8ஐயும் 6ஐயும் அது குழப்பினால் மனிதர் குழப்பியதைப் போலக் கண்டுபிடிக்க முடியுமா என்று மருத்துவர் கேட்கிறார். படத்தையும் எண்ணோடு சேர்த்து மேசைக்கு அனுப்பினால் முடியும். நெட் இல்லாத வீடுகளில் படம் போகாது. இதில் இன்னும் முடிவில்லை.

தரவை எப்போது அழிப்பது என்பதைத் தொடங்கும்போதே எழுதிவைக்க வேண்டும். வீட்டில் எடுத்த எண்கள் கண்காணிப்பு முடிந்து ஒரு குறித்த காலத்துக்குப் பிறகு அழியும் என்று இருந்தது. மேசை மூடப்படும் முன் சில குடும்பங்கள் தங்கள் பதிவின் நகலைக் கேட்டார்கள். சிலர் காப்பீட்டுக்காக, சிலர் காரணம் சொல்லாமல். நகல் எடுக்கும் வழி செயலியில் இல்லை. செவிலியர்கள் ஒவ்வொன்றாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வடிவத்தில் அழிக்கும் நாளுக்கு முன்பே செயலி அறிவித்து, நகல் வேண்டுமா என்று கேட்கும்.